ஆடிட்டர் பரீட்சை: லாபமா, நஷ்டமா?

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியாகிற வாரத்தில், கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சரி, சிதம்பரம் மேலவீதியிலும் சரி, கணக்குப் பதிவியலில் நல்ல மார்க்கு வாங்கிய பெண் இருக்கிற வீடுகளில் ஒரு சின்னச் சட்டசபை கூடுவது வழக்கம். "பி.காம். சேர்த்து விட்டுப் பாங்குப் பரீட்சை எழுதச் சொல்லலாம்" என்பார் அப்பா. "பெண் குழந்தைக்கு டீச்சர் வேலைதான் சௌகரியம்" என்பாள் பாட்டி. சென்னையிலிருந்து வந்திருக்கும் சித்தப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே, "சி.ஏ. படிக்க வையுங்கள், அண்ணா! ஆடிட்டர் ஆகிவிட்டால் அப்புறம் அவளுக்கு என்ன குறை?" என்று ஒரு பிரேரணையைக் கொண்டு வருவார். உடனே எதிர்க்கட்சி எழுந்துகொள்ளும். "அந்தப் பரீட்சையா? பத்து வருஷமாக எழுதிக்கொண்டே இருக்கிறவர்களை எனக்குத் தெரியும்!"

அம்மா மட்டும் ஒன்றும் பேச மாட்டாள். அவள் மனத்துக்குள் ஒரு கூட்டல் கழித்தல் ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை பணம்? எத்தனை வருஷம்? பாதியில் நின்று போனால் என்ன கதி? தேறிவிட்டால் நம் ஊரிலேயே இருந்து பிழைக்க முடியுமா? நியாயமான கேள்விகள். கணக்குப் படிப்பைப் பற்றிய கேள்விக்குக் கணக்கு முறைப்படியே பதில் தேடுவதுதான் அழகு. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் எழுதி, கடைசியில் ஐந்தொகை போட்டுப் பார்த்து விடுவோம்.

கணக்கு இந்த ஊருக்குப் புதிதல்ல

தேவனாம்பட்டினத்து டேவிட் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-ல் விலைக்கு வாங்கிற்று. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொண்டபோது, அங்கிருந்து தப்பி இந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தவர்களில் ராபர்ட் கிளைவும் ஒருவன். அப்போது அவனுடைய உத்தியோகம் 'ரைட்டர்', அதாவது கம்பெனிக் குமாஸ்தா. மறு வருஷமே பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்து விட்டான். பேரேடு எழுதுவதில் அவனுக்குக் கொஞ்சம் ருசி இருந்திருந்தால் நம் தேசத்தின் சரித்திரமே வேறு விதமாகப் போயிருக்குமோ என்னவோ!

ஆடிட்டர் தொழிலுக்கு இந்தியாவில் முறையான படிப்பு வந்தது பிற்பாடுதான். பம்பாயில் 1918-ல் சர்க்கார் கணக்கியல் டிப்ளமா ஒன்று ஏற்பட்டது. சுதந்திரம் வந்த பிறகு, 1949-ல் தனிச் சட்டமே இயற்றி, அந்த வருஷம் ஜூலை 1-ந் தேதி இந்திய சார்ட்டர்ட் அக்கவுண்டண்டுகள் இன்ஸ்டிடியூட்டை ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் ஜூலை முதல் தேதியை ஆடிட்டர்கள் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அந்த ஸ்தாபனத்தின் சின்னத்தில் கருடன் இருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். கூடவே கடோபநிஷத்திலிருந்து ஒரு வாசகம். எல்லாரும் தூங்கும்போதும் விழித்திருக்கிறவனைப் பற்றியது அது. இந்தச் சின்னத்தை ஆசீர்வாதமாக வழங்கியவர் ஸ்ரீ அரவிந்தர் என்பது அந்த ஸ்தாபனம் பெருமையுடன் சொல்லும் வரலாறு. கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக் கூடிய புதுச்சேரியிலிருந்துதான் அந்த ஆசீர்வாதம் வந்தது!

ஊர் உறங்கும் நேரத்தில் விழித்திருப்பது குடும்ப ஸ்திரீகளுக்குப் புதிய பழக்கமா என்ன? அதனால்தானோ என்னவோ, இந்தத் தொழிலில் பெண் நுழைவதற்கு 1949 வரை காத்திருக்கவில்லை.

சிறை சென்ற ஆடிட்டர்

'ஆடிட்டர் வேலை ஆண்பிள்ளைகள் வேலை' என்று இன்னும் யாராவது சொன்னால், ஆர். சிவபோகம் என்ற பெயரை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1907-ல் பிறந்த இவர்தான் இந்தியாவிலேயே கணக்காளராகத் தேறிய முதல் பெண்மணி. நம் சென்னையைச் சேர்ந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு ஒரு வருஷம் சிறைவாசம் செய்தவர். வெளியே வந்ததும் கணக்கியல் டிப்ளமாவுக்குப் படித்து 1933-ல் தேறினார்.

தேறினால் போதுமா? சிறை சென்றவர்கள் ஆடிட்டராகப் பதிவு செய்துகொள்ளக் கூடாது என்று அப்போது ஒரு விதி குறுக்கே நின்றது. சிவபோகம் அம்மையார் விடவில்லை. வழக்காடி உரிமையைப் பெற்று, 1937-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை இன்ஸ்டிடியூட்டின் தென்னிந்தியப் பிராந்தியக் கவுன்ஸிலுக்கே தலைவியாக இருந்தார். பைனல் பரீட்சையில் சிறப்பாகத் தேறும் பெண்ணுக்கு ஒரு பரிசையும் ஏற்படுத்தினார். 1966-ல் அவர் காலமானார்.

இன்று இன்ஸ்டிடியூட்டின் அங்கத்தினர் தொகை 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவர்களில் ஏறக்குறையப் பத்துக்கு மூன்று பேர் பெண்கள். ஆகவே 'பெண்ணால் முடியுமா?' என்ற கேள்வியை வரவு-செலவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டியதில்லை. அந்தக் கணக்கு 1933-லேயே தீர்ந்து போயிற்று.

பற்றுப் பக்கம்: பணம்

இப்போது செலவைப் பார்ப்போம். முதலில் படிகள் என்னென்ன?

2023 ஜூலையில் வந்த புதிய திட்டப்படி, பிளஸ் டூவுக்குப் பிறகு பவுண்டேஷன் என்ற முதற்படி; நான்கு பாடங்கள். அடுத்தது இன்டர்மீடியட், ஆறு பாடங்கள், இரண்டு 'குரூப்'களாக. இரண்டு குரூப்பும் தேறிய பிறகு ஓர் ஆடிட்டரிடம் இரண்டு வருஷம் ஆர்ட்டிகிள் பயிற்சி. முன்பு இது மூன்று வருஷமாக இருந்தது. பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் பைனல். அதிலும் ஆறு பாடங்கள். ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 40 வாங்க வேண்டும். மொத்தத்தில் 50 சதவீதம் வர வேண்டும். பி.காம். படித்து 55 சதவீதம் வாங்கியவர்களும், வேறு பட்டம் பெற்று 60 சதவீதம் வாங்கியவர்களும் பவுண்டேஷன் எழுதாமல் நேரே இன்டர்மீடியட்டில் சேரலாம்.

மூன்று படிகளுக்கும் இன்ஸ்டிடியூட்டுக்குக் கட்ட வேண்டிய பதிவுக் கட்டணம் மொத்தம் ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய். பரீட்சைக் கட்டணமும், கட்டாயமான கம்ப்யூட்டர்ப் பயிற்சி முதலியவையும் தனி. ஒரு தனியார் என்ஜினீயரிங் கல்லூரியில் நான்கு வருஷம் படிக்க வைக்கிற செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பந்தான். பணத்தை உண்மையில் விழுங்குவது கோச்சிங் வகுப்பும் சென்னை ஹாஸ்டலும். ஆனால் இன்ஸ்டிடியூட்டே இணையத்தில் இலவசமாக வகுப்புகள் நடத்துகிறது. பாடப் புத்தகங்களையும் பழைய வினாத்தாள்களையும் அங்கேயே பெறலாம். சிதம்பரத்தில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே பவுண்டேஷனுக்குப் படிக்க முடியும். பரீட்சை எழுதப் புதுச்சேரியிலும் கும்பகோணத்திலும் நிலையங்கள் உண்டு.

பணம் ஒரு தடையே அல்ல என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதுதான் பெரிய தடை என்று எண்ணுகிறவர்கள் பிரேமா ஜெயக்குமாரை நினைத்துக்கொள்ள வேண்டும். 1993 வரை கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னாற்காடு ஜில்லாவிலிருந்து பிழைப்புக்காக மும்பைக்குப் போன தமிழ்க் குடும்பம் அவருடையது. தகப்பனார் ஆட்டோ ரிக்ஷா ஓட்டினார். வசித்தது ஒரே அறை கொண்ட வீடு. 2012 நவம்பரில் நடந்த சி.ஏ. பைனல் பரீட்சையில் 800-க்கு 607 மார்க்கு வாங்கி, பிரேமா இந்தியா முழுவதற்கும் முதலாவதாகத் தேறினார். அதே பரீட்சையில் அவருடைய சகோதரரும் தேறினார். ஒரே அறைக்குள் இரண்டு ஆடிட்டர்கள்!

பற்றுப் பக்கம்: வருஷங்கள்

பணத்தைவிடப் பெரிய செலவு காலம். ஒரு தடவைகூடத் தவறாமல் தேறினால், பிளஸ் டூவுக்குப் பிறகு சுமார் மூன்றரை வருஷத்தில் படிப்பு முடியும். ஆனால் ஒரு தடவைகூடத் தவறாதவர்கள் எத்தனை பேர்?

2024 மே மாதம் பைனலில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்கள் 35,819 பேர். தேறியவர்கள் 7,122 பேர். ஐந்து பேருக்கு ஒருவர். அதே வருஷம் நவம்பரில் எழுதியவர்கள் 30,763 பேர். தேறியவர்கள் 4,134 பேர். ஏழெட்டுப் பேருக்கு ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் என்றும் முதல் மார்க்கே வாங்கிப் பழகிய பெண், வாழ்க்கையில் முதன்முதலாகத் தோல்வியைச் சந்திப்பது பெரும்பாலும் இந்தப் பரீட்சையில்தான்.

இதில் இரண்டு ஆறுதல்கள் உண்டு. ஒன்று, குரூப்புகளைத் தனித் தனியாகவும் எழுதலாம். மற்றொன்று, முன்பு வருஷத்துக்கு இரண்டு தடவை நடந்த பரீட்சைகள் இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என்று மூன்று தடவை நடக்கின்றன. 2025 முதல் பைனலும் அப்படியே. தவறினால் போவது ஆறு மாதம் அல்ல, நான்கு மாதம். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினெட்டு வயதில் தொடங்குகிற பெண், இன்டரில் இரண்டு தடவையும் பைனலில் மூன்று தடவையும் தவறினால், ஆடிட்டர் என்று கையெழுத்துப் போடும்போது இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது ஆகிவிடும். அதே வயதில் அவளுடைய சிநேகிதி பாங்கில் சேர்ந்து இரண்டு இன்கிரிமெண்டும் வாங்கியிருப்பாள். 'அவள் எங்கே, நீ எங்கே!' என்று உறவினர்கள் கேட்கத் தொடங்குவதும் அப்போதுதான். பற்றுப் பக்கத்தில் எழுதப்படாத பெரிய செலவு, அந்தப் பேச்சுகளைத் தாங்கிக்கொள்ளும் மனோதிடம்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. பரீட்சையை ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோதான் எழுதலாம். தமிழில் எழுத வழியில்லை. தமிழ் மீடியத்தில் படித்த பெண்ணுக்குக் கணக்கு வராது என்பதில்லை. சட்டப் பாடங்களில் பதிலை ஆங்கிலத்தில் கோவையாக எழுதுவதுதான் சிரமம். ஆகவே அவள் முதல் ஆறு மாதத்தைப் பாஷைக்கென்றே ஒதுக்க வேண்டும். தினம் ஒரு பக்கம் ஆங்கிலப் பத்திரிகையின் வியாபாரப் பகுதியைப் படிப்பது, படித்ததைப் பத்து வரியில் எழுதிப் பார்ப்பது என்று பழக்கினால், இன்டர் வருவதற்குள் பயம் தெளிந்து விடும்.

ஆர்ட்டிகிள்: ஊரிலா, சென்னையிலா?

இரண்டு வருஷப் பயிற்சியின்போது ஆடிட்டர் மாதந்தோறும் ஓர் உதவித் தொகை தர வேண்டும். அதன் குறைந்தபட்ச அளவு ஊரின் ஜனத்தொகையைப் பொறுத்தது. நான்கு லட்சத்துக்குக் குறைந்த ஊர்களுக்குக் கடைசிப் படி. 2011 கணக்குப்படி கடலூரின் ஜனத்தொகை சுமார் 1,73,000, சிதம்பரத்துக்கு 62,000. ஆகவே நம் ஊர்களில் கிடைப்பது கைச்செலவுக்கு ஆகும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சென்னையில் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும், அது ஹாஸ்டல் வாசலிலேயே தீர்ந்து போகும்.

அப்படியானால் எங்கே பயிற்சி பெறுவது? சென்னையின் பெரிய ஆபீசில் பெரிய கம்பெனிகளின் கணக்கைப் பார்க்கலாம். ஆனால் ஒரே கம்பெனியின் ஒரே பகுதியை மாதக் கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கவும் நேரும். சிற்றூர் ஆபீசில் அப்படி இல்லை. காலையில் பண்ருட்டி முந்திரி வியாபாரியின் சிட்டை. மத்தியானம் முதுநகர் மீன் ஏற்றுமதிக்காரரின் ஜி.எஸ்.டி.; சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட டிரஸ்டின் வரவு-செலவு. பின்னால் சொந்தமாகத் தொழில் செய்ய விரும்பும் பெண்ணுக்கு இரண்டாவது பயிற்சி ஏற்றது. பெரிய கம்பெனியில் உத்தியோகம் பார்க்க எண்ணுகிறவளுக்கு முதலாவது. 'பெண்ணைத் தனியே அனுப்பலாமா?' என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்வது சரியல்ல. 'அவள் என்னவாகப் போகிறாள்?' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வரவுப் பக்கம்

சரி, தேறிவிட்டாள். என்ன லாபம்?

உத்தியோகம் வேண்டுமானால் வெகு தூரம் போக வேண்டாம். 1956-ல் ஆரம்பித்த நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம், கடலூரிலிருந்து ஒரு மணிப் பிரயாணத்தில் இருக்கிறது. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை. கடலூர் சிப்காட்டில் ரசாயனத் தொழிற்சாலைகள். பாங்குகளும் ஆஸ்பத்திரிகளும் கல்லூரிகளும் வேறு. சென்னை, பெங்களூர்க் கம்பெனிகளோ, புதிதாகத் தேறியவருக்கே வருஷத்துக்குப் பல லட்சம் சம்பளம் தருகின்றன.

ஆனால் உத்தியோகம் மட்டுமே குறியென்றால், அதற்கு வேறு பாதைகளும் இருக்கின்றன. ஆடிட்டர் பட்டத்தின் தனி லாபம் வேறொன்று. ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திட, தொழில் நடத்தும் சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் ஒருவருக்குத்தான் சட்டம் உரிமை தருகிறது. கம்பெனி சிறியதோ பெரியதோ, அந்தக் கையெழுத்து இல்லாமல் கணக்கு முடியாது. வியாபாரம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வருமான வரிக்கும் தணிக்கை வேண்டும். இந்த உரிமை எந்த முதலாளியும் கொடுத்ததல்ல. அவர் எடுத்துக்கொண்டு போகவும் முடியாது.

குடும்பப் பெண்ணுக்கு இதன் அருமை மிகவும் அதிகம். எப்படியென்று பாருங்கள். பள்ளிக்கூட ஆசிரியைக்கும் பாங்கு உத்தியோகஸ்தருக்கும், புருஷனுக்கு மாற்றல் வந்தால் ஒரு சங்கடம். தனக்கே மாற்றல் வந்தால் இரண்டு சங்கடம். வயதான மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஒரு வருஷம் வீட்டில் இருந்தால், வேலை காத்திருக்குமா என்ற கவலை. ஆடிட்டருக்கோ சர்ட்டிபிகேட் அவளுடைய பெயரில் இருக்கிறது. சிதம்பரத்தில் வாங்கினாலும் திருச்சியில் செல்லும், டில்லியிலும் செல்லும். பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போது பத்துக் கட்சிக்காரர்களோடு நிறுத்திக்கொண்டு, அவர்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஐம்பதாகப் பெருக்கிக்கொள்ளலாம். வருமான வரிப் பாரங்களும் ஜி.எஸ்.டி. கணக்குகளும் கம்பெனிப் பத்திரங்களும் கம்ப்யூட்டர் மூலமே போகிற காலம் இது. சென்னைக் கட்சிக்காரரின் வேலையைக் கீழவீதி வீட்டு முன்னறையிலிருந்தே முடித்து அனுப்பலாம்.

இதற்காக, பலகை மாட்டிய மறுநாளே பணம் கொட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். புது ஆடிட்டரிடம் கணக்கைக் கொடுக்க வியாபாரிகள் தயங்குவார்கள். பெண் என்றால் இன்னும் கொஞ்சம் தயங்குவார்கள். முதல் இரண்டு மூன்று வருஷம் கை கடிக்கும். ஆனால் நம் ஜில்லாவின் வியாபாரத்தில் ஒரு விசேஷம் உண்டு. இங்கே கடலும் புயலும் பங்காளிகள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அப்படிப்பட்ட சமயத்தில் பாங்குக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் காட்டுவதற்கு ஒழுங்கான கணக்கு வைத்திருப்பவர் எழுந்து நிற்கிறார். பனியன் பையில் துண்டுச் சீட்டு வைத்திருந்தவர் திண்டாடுகிறார். இதை எடுத்துச் சொல்லிக் கணக்கைச் சீராக்கித் தருகிற ஆடிட்டரை ஊர் சுலபத்தில் விட்டு விடாது.

கையெழுத்தின் விலை

கையெழுத்து லாபம் மட்டும் தருவதல்ல, பொறுப்பும் தருவது. 1906-ல் சென்னையில் ஆர்பத்நட் கம்பெனி முழுகிய கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். வெள்ளைக்காரக் கம்பெனி, அசையாது என்று நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன. அந்த வேதனையிலிருந்து பிறந்ததுதான் 1907-ல் தோன்றிய இந்தியன் பாங்கு. நூறு வருஷம் கழித்தும் புத்தி வந்துவிட்டதா? 2009 ஜனவரி 7-ந் தேதி, ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனியின் தலைவர், பல வருஷங்களாகப் பொய்க் கணக்குக் காட்டியதைத் தாமே ஒப்புக்கொண்டார். இல்லாத பாங்கு இருப்பை இருப்பதாகக் காட்டியிருந்தார்கள். அந்தக் கணக்குகளில் கையெழுத்திட்ட ஆடிட்டர்களும் கைதாக நேர்ந்தது.

இன்று ஆடிட்டர் கொடுக்கும் ஒவ்வொரு சான்றுக்கும் 18 இலக்கம் கொண்ட ஓர் எண் உண்டு. 2019-லிருந்து அது கட்டாயம். சான்று உண்மையில் அவர் கொடுத்ததுதானா என்று யாரும் இணையத்தில் அந்த எண்ணைக் கொண்டு சோதித்துக்கொள்ளலாம். ஆகவே, 'நம்ம மாமாதானே, கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடு, அம்மா!' என்று உறவினர் ஒருவர் வந்து நிற்கும்போது, 'முடியாது, மாமா' என்று முகம் கோணாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டல் கழித்தலைவிட இதுதான் கடினமான பாடம்; எந்தப் பரீட்சையிலும் இதற்கு மார்க்கு இல்லை. நேர்மையும் பிடிவாதமும் சுபாவமாகவே உள்ள பெண்ணுக்கு இந்தத் தொழில் பொருந்தும். எல்லாரையும் திருப்தி செய்ய விரும்புகிற பெண்ணுக்கு இது ஒத்து வராது.

'கம்ப்யூட்டரே எல்லாக் கணக்கையும் போட்டு விடுமே, இனி ஆடிட்டர் எதற்கு?' என்று இக்காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பதிவு செய்கிற வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டுதான் வருகிறது. கூட்டுப் புள்ளி சரிபார்ப்பதே பிழைப்பு என்றிருப்பவருக்கு ஆபத்துதான். ஆனால் கிடங்கில் உள்ள மூட்டையில் முந்திரிப் பருப்பு இருக்கிறதா, உமி இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதும், பார்த்ததற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுவதும் மனிதர் வேலை. தப்பு நேர்ந்தால் கம்ப்யூட்டரைக் கூண்டில் ஏற்ற முடியாதல்லவா?

பாதியில் நின்றால்?

அம்மாவின் முக்கியமான கேள்விக்கு வந்து விட்டோம். இதற்கு மூன்று யோசனைகள்.

முதலாவது, பட்டப் படிப்பைக் கைவிடக் கூடாது. சி.ஏ. படிக்கும்போதே பி.காம். பட்டத்தையும் பெற்றுவிட வேண்டும். நம் ஜில்லாவில் இதற்குக் குறைவில்லை. 1929-ல் ஏற்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் இருக்கிறது. கடலூரில் பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. தபால் வழியில் படிப்பதானால், அந்தப் பாடத்துக்கு அந்த வருஷம் யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும். ஆர்ட்டிகிள் காலத்தில் வேறு படிப்புப் படிக்க இன்ஸ்டிடியூட்டின் அனுமதியும் தேவை.

இரண்டாவது, இன்டர் தேறி ஆர்ட்டிகிள் முடித்தவளுக்குப் பைனல் கிட்டாவிட்டாலும், கற்ற தொழில் கையில் இருக்கிறது. கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் அப்படிப்பட்டவர்களை விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள். பி.காம். பட்டத்தோடு உரிய பரீட்சையும் எழுதினால் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்துகொள்ளலாம். காஸ்ட் அக்கவுண்டண்ட் படிப்புக்கு மாறவும் வழியுண்டு. ஆனால் பவுண்டேஷனோடு நின்றவளுக்கு மிஞ்சுவது அதிகமில்லை. ஆகவே நிற்பதானால் முதற்படியிலேயே சீக்கிரம் நின்றுவிட வேண்டும். இன்டரைத் தாண்டிவிட்டால், ஆர்ட்டிகிளையும் முடித்துவிட்டே மற்றதை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, இதுதான் முக்கியம். எத்தனை தடவை எழுதுவது என்பதைச் சேரும்போதே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். 'பவுண்டேஷனுக்கு இரண்டு தடவை, இன்டருக்கு மூன்று தடவை, பைனலுக்கு நான்கு தடவை. அதுவரை வீட்டில் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லக் கூடாது. அதற்கு மேல் நீயும் பிடிவாதம் பிடிக்கக் கூடாது' என்பது மாதிரி ஓர் ஒப்பந்தம். எண்ணிக்கை குடும்பத்துக்குக் குடும்பம் மாறலாம். ஒப்பந்தம் இருந்தால் பெண்ணுக்குத் தோல்வியைத் தாங்கத் தைரியம் வரும். பெற்றோருக்கும் பொறுமை வரும். ஒப்பந்தம் இல்லாத வீடுகளில்தான் பத்து வருஷக் கதைகள் நடக்கின்றன. கல்யாணப் பேச்சையும் இதே ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது. ஆர்ட்டிகிளுக்கும் பைனலுக்கும் நடுவே உள்ள அந்த ஆறு மாதத்தில் மட்டும் ஜாதகக் கட்டை எடுக்காதீர்கள்! இரண்டு வருஷ உழைப்பு அந்த ஆறு மாதத்தில்தான் பழுக்கிறது. படித்த இடத்துப் பிள்ளைகள் ஆடிட்டர் மனைவிக்காக ஆறு மாதம் காத்திருக்க மாட்டார்களா என்ன?

ஐந்தொகை

இருபுறமும் கூட்டிப் பார்த்தாயிற்று. கௌரவத்துக்காகவும், சித்தப்பா சொன்னதற்காகவும், பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்ததற்காகவும் சேர்கிற பெண்ணுக்கு இந்தப் படிப்பு நஷ்டம். மாதம் பிறந்தால் சம்பளம், அதுவும் சீக்கிரம் வேண்டும் என்ற நிலையில் உள்ள குடும்பத்துக்கும் வேறு வழிகளே நல்லவை. அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் எண்களில் ருசியும், தோற்றால் மறுபடி உட்கார்ந்து படிக்கிற பொறுமையும், 'முடியாது' என்று சொல்லக் கூடிய முதுகெலும்பும் உள்ள பெண்ணுக்கு இதைவிட லாபமான முதலீடு கிடைப்பது அரிது. நான்கைந்து வருஷத்தைப் போட்டு நாற்பது வருஷத்துக்கான கையெழுத்தை வாங்குகிறாள். அதுவும் மற்றவர் தயவில் அல்ல; தன் ஊரிலேயே, தன் சௌகரியப்படி.

நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் பார்த்தவர்கள் பெண்கள்தாம். பால் கணக்கு, வண்ணான் கணக்கு, சீட்டுக் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் அவர்கள் விரல் நுனியில் இருந்தன. முப்பதாம் தேதி மிஞ்சிய பத்து ரூபாயைக் கடுகு டப்பாவில் போட்டு வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்களும் அவர்கள்தாம். ஆனால் கணக்கின் அடியில் கையெழுத்துப் போடுகிற இடம் வந்தபோது மட்டும் பேனா வேறு கைக்குப் போயிற்று. அந்தப் பேனாவை வாங்கிக்கொள்ள உங்கள் பெண் கையை நீட்டினால், முதலில் அவளோடு உட்கார்ந்து செலவுக் கணக்கைப் போடுங்கள். போட்டு முடித்தபின், தயங்காமல் கொடுங்கள்.